ஒலியை மூன்று மடங்கு முந்திய டர்போஜெட்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜே58 என்ற டர்போஜெட் என்ஜினைப் பற்றித் திருகோணமலையில் உயர்தர மாணவர்களும், படகு என்ஜின் திருத்துபவர்களும், விமானங்களில் ஆசை உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் இலக்கங்களையும் சேர்த்தே தந்திருக்கிறோம். பௌதிகவியல் படிப்பவர்கள் போட்டுச் சரிபார்க்கலாம்.

1. டர்போஜெட் எண்டா என்ன? சீனக்குடாவில பயிற்சிக்குப் பறக்கிற பிளேனுக்குள்ள இருக்கிறதும் அதுதானே?

இல்லை. சீனக்குடா விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்குப் பயன்படும் பி.ரி-6 விமானத்தில் இருப்பது 9 சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய பிஸ்டன் என்ஜின். அது மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குத்தான் உறவு. இதே பெயரில் கனடாவில் செய்யப்படும் டர்போப்ரொப் என்ஜின் ஒன்றும் உண்டு. தேடும்போது இரண்டும் கலந்து வருவதால்தான் பலர் குழம்புகிறார்கள்.

பிஸ்டன் என்ஜினில் இழுப்பதும் அமுக்குவதும் எரிப்பதும் வெளியேற்றுவதும் ஒரே சிலிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். டர்போஜெட்டில் அந்த நான்கும் வரிசையாக நான்கு இடங்களில், ஒரே நேரத்தில், நிற்காமல் நடக்கும். முன்னால் கொம்பிரசர் வளியை இழுத்து அமுக்கும். நடுவில் எரிபொருள் எரியும். அந்தச் சூட்டு வாயுவில் சுழலும் டர்பைன், எடுத்த வலுவைத் தண்டு வழியே கொம்பிரசருக்குத் திருப்பிக் கொடுக்கும். மிஞ்சிய வாயு பின்வாயால் பீறிட்டு வெளியேறும்.

இதற்கு ஊதிவிட்ட பலூனை உதாரணம் சொல்வார்கள். சரியான உதாரணம்தான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பலூனைத் தள்ளுவது அதன் வாய் அல்ல. வாய்க்கு நேர் எதிரே உள்ள உட்சுவரில் படும் அமுக்கம்தான் தள்ளுகிறது. 7ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

2. எத்தனையோ என்ஜின் இருக்க, ஏன் இந்த ஜே58?

சாதாரண டர்போஜெட் எந்த வேகத்தில், எந்தக் காரணத்தால் தோற்கிறது என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் என்ஜின் வேறில்லை. பிராட் அன்ட் விட்னி நிறுவனம் இதை முதலில் அமெரிக்கக் கடற்படைக்காகத் தொடங்கியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டபின், லொக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜோன்சன் தலைமையில் உருவான ஏ-12 உளவு விமானத்துக்காகக் கிட்டத்தட்ட முழுதாக மாற்றி அமைத்தார்கள். 1962 ஏப்ரலில் ஏ-12 முதன்முதல் பறந்தபோதுகூட ஜே58 தயாராகவில்லை. பழைய ஜே75 என்ஜின்களைப் பூட்டியே பறந்தார்கள். 1963 ஜனவரியில்தான் இரண்டு பக்கமும் ஜே58 வந்தது. 1964 டிசம்பர் 22 அன்று முதன்முதல் பறந்து, 1999இல் கடைசியாகப் பறந்த எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கும் இதே என்ஜின்தான்.

ஒரே தண்டு, 9 கட்டக் கொம்பிரசர் (ஒரு கட்டம் என்பது ஒரு வரிசைச் சுழல் இறக்கைகள்), 8 எரிகலங்கள், 2 கட்ட டர்பைன், அதன் பின்னால் வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பேர்னர். ஒன்றின் உந்துவிசை ஏறத்தாழ 150 கிலோநியூட்டன். போர் விமானங்களில் ஆஃப்டர்பேர்னரைச் சில நிமிடங்களுக்குத்தான் போடுவார்கள். இதிலோ மூன்று மாக், அதாவது ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் போகும் நேரம் முழுவதும் அது எரிந்துகொண்டே இருக்கும்.

3. சேர், மேல குளிர்தானே? வேகமாப் போனா காத்துப்பட்டு இன்னும் குளிரத்தானே வேணும்?

கச்சான் காற்று வியர்வையை உலர்த்தும்போது உடல் குளிர்வது வேறு விடயம். இங்கே நடப்பது சைக்கிள் பம்பில் நடப்பது: வாயை விரலால் அடைத்து அமுக்கினால் பம்பின் அடி சுடும். வேகமாகப் போகும் விமானத்தின் முன் வளி ஒதுங்க நேரமில்லாமல் அமுங்குகிறது. அமுங்கும் வளி சுடும்.

கணக்கு இதுதான். நின்றுபோன வளியின் வெப்பநிலை = வெளி வெப்பநிலை × (1 + 0.2 × மாக் எண்ணின் வர்க்கம்). வெப்பநிலை கெல்வினில். 24 கிலோமீற்றர் உயரத்தில் வெளியே சுமார் 220 கெல்வின், அதாவது மறை 53 பாகை செல்சியஸ். மாக் 3.2 என்று போட்டால் அடைப்புக்குள் 3.05 வரும். பெருக்கினால் 671 கெல்வின், கிட்டத்தட்ட 400 பாகை செல்சியஸ். ஒரு துளி எரிபொருளும் எரியுமுன், என்ஜினின் வாசலுக்கே வளி இந்தச் சூட்டில் வருகிறது. ஜே58க்கு வைத்த உச்ச வரம்பு 427 பாகை. விமானத்தின் வேகத்துக்கு எல்லை போட்டது இந்த இலக்கம்தான், உந்துவிசைக் குறைவு அல்ல.

4. சூட்டைத் தாங்குற உலோகம் போட்டாச் சரிதானே?

பாதி சரி. உலோகம் தாங்கினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான்.

தரையில் ஜே58 கொம்பிரசர் வளியை ஏறத்தாழ 8.8 மடங்கு அமுக்கும். 671 கெல்வினில் வந்த வளியையும் அதே மடங்கு அமுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 85 வீதத் திறனுடன் கணக்குப் போட்டால் வெளியே வரும் வளி சுமார் 1350 கெல்வின், அதாவது 1078 பாகை செல்சியஸ். டர்பைன் வாசலின் வரம்போ சுமார் 1093 பாகை. எரிபொருளால் கூட்டக்கூடிய சூடு வெறும் 15 பாகை! டர்போஜெட் உழைப்பதே இந்த இடைவெளியில்தான். அது மூடிவிட்டால் என்ஜின் தன்னைத்தானே சுழற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

நல்லவேளையாக, சூடான வளியில் கொம்பிரசரின் அமுக்கும் மடங்கு தானாகவே குறையும். ஆனால் அதிலிருந்து வேறொரு தொல்லை பிறக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

5. என்ஜினுக்கு வெளியால ஆறு பெரிய குழாய் ஓடுது. அது எதுக்கு?

ஜே58 படத்தைப் பார்த்தவுடன் கண்ணில் படும் அந்த ஆறு குழாய்கள்தான் இந்த என்ஜினின் உயிர். கொம்பிரசரின் 4ஆம் கட்டத்திலிருந்து வளியை எடுத்து, எரிகலங்களையும் டர்பைனையும் சுற்றிக் கொண்டுபோய், நேரே ஆஃப்டர்பேர்னர் வாசலில் விடுகின்றன. உள்ளே வரும் வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே போகும். இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றவர் பிராட் அன்ட் விட்னியின் பொறியியலாளர் ரொபர்ட் அபர்நெத்தி.

காரணம் இது. கொம்பிரசர் உணர்வது சுற்றும் வேகத்தை மட்டுமல்ல, வளியின் ஒலிவேகத்தோடு ஒப்பிட்ட வேகத்தை. சூடான வளியில் ஒலிவேகம் கூடும். 671ஐத் தரையின் வெப்பநிலையான 288 கெல்வினால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.53. ஆகவே முழு வேகத்தில் சுற்றினாலும் கொம்பிரசருக்கு அது 65 வீத வேகம்தான். அந்த நிலையில் பின் கட்டங்கள் திணறும்: எதிர்பார்த்த அளவு அமுங்காத, பருமன் கூடிய வளி அவற்றின் ஒடுங்கிய பாதையில் நெரிபடும். பின்னால் அடைபட்டதால் முன் கட்டங்களில் ஓட்டம் மந்தமாகி, இறக்கைகளில் வளி ஒட்டாமல் பிரிந்து, கொம்பிரசர் ஸ்டோல் ஆகி அதிரும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு அறைக் கதவு சிறிது. வாசலால் கூட்டம் வந்துகொண்டே இருந்தால் நடுக்கூடத்தில் நெரிசல். நடுவில் ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டால் முன்னுள்ளவர்களும் நடப்பார்கள், பின்னுள்ளவர்களும் மூச்சு விடுவார்கள். ஆறு குழாய்களும் அந்தப் பக்கக் கதவு.

வேறு என்ஜின்களில் இப்படி எடுத்த வளியை வெளியே கொட்டுவார்கள், அது நட்டம். இங்கே அதே வளி ஆஃப்டர்பேர்னரைக் குளிர்விக்கிறது, அங்கே எரியத் தேவையான ஒட்சிசனையும் கொடுக்கிறது.

6. மாக் 3ல அது ராம்ஜெட்டா மாறிடும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்களே?

மாறுவதில்லை. ராம்ஜெட்டில் விமானத்தின் வேகமே வளியை அமுக்கிவிடும்; கொம்பிரசரும் இல்லை, டர்பைனும் இல்லை. ஜே58இல் இரண்டும் உச்ச வேகத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும்; ஐந்தில் நான்கு பங்கு வளி அவற்றின் வழியேதான் போகும். குழாய் வழியே போகும் பங்குகூட முதல் நான்கு கட்டங்களைத் தாண்டியே வருகிறது. அமுக்கும் வேலையில் பெரும்பகுதியை என்ஜினுக்கு முன்னால் வளி நுழையும் வளிவாசல் செய்வதாலும், எரிப்பதில் பெரும்பகுதியை ஆஃப்டர்பேர்னர் செய்வதாலும் நடத்தை ராம்ஜெட்டை நெருங்குகிறது என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்வது பிழை.

7. என்ஜினால 17.6 வீதம்தானாம், 54 வீதம் வளிவாசலால வருதாம். அப்ப என்ஜினைக் கழட்டிட்டுப் பறக்கலாமா?

பறக்க முடியாது. மாக் 3.2இல் உந்துவிசையின் பங்கீடாக வளிவாசல் 54, பின்வாய் 28.4, என்ஜின் 17.6 என்று சொல்லப்படும் இலக்கங்கள் சரியானவை. அவற்றைப் படிக்கும் விதம்தான் பிழைக்கிறது. எந்தப் பாகத்தின் சுவரில் வளியமுக்கம் எவ்வளவு முன்னோக்கித் தள்ளுகிறது என்ற கணக்கு அது. சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு அல்ல.

1ஆம் கேள்வியின் பலூனுக்குத் திரும்புங்கள். தள்ளுவது எதிர்ச்சுவர். வளிவாசலுக்குள் ஒடுங்கிய கழுத்தைத் தாண்டியபின் பாதை விரிகிறது. அங்கே உயர் அமுக்க வளி, பின்னோக்கிப் பார்க்கும் சுவர்களில் அழுத்தி விமானத்தை முன்னே தள்ளுகிறது. என்ஜின் அந்த வளியைத் தொடர்ந்து விழுங்கி, சூடாக்கி, பின்னால் தள்ளிக்கொண்டிருந்தால்தான் அந்த அமுக்கம் அங்கே நிற்கும். என்ஜின் அணைந்தால் அதே வளிவாசல் உடனே பெரிய இழுவையாகிவிடும்.

8. முன்னால இருக்கிற கூம்பு ஏன் உள்ள போய் வெளிய வருது?

கொட்டியாரக் குடாவில் படகு வேகமெடுக்கும்போது முகப்பலை பின்னோக்கிச் சாய்ந்து ஒடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூம்பின் நுனியில் எழும் அதிர்ச்சி அலையும் வேகம் கூடக்கூட அப்படியே சாய்கிறது. அலை வளிவாசலின் விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும் என்பதற்காகக் கூம்பைப் பின்னிழுக்கிறார்கள். மாக் 1.6 வரை அது முழுதாக முன்னே இருக்கும். பிறகு ஒவ்வொரு 0.1 மாக்கிற்கும் 4 சென்ரிமீற்றர் அளவில் பின்வாங்கி, மொத்தம் 66 சென்ரிமீற்றர் உள்ளே போகும்.

பல சாய்ந்த அலைகளால் படிப்படியாக வேகம் குறைந்த வளி, கழுத்தருகே ஒரு நேரான அலையைத் தாண்டி ஒலிவேகத்துக்குக் கீழே வருகிறது. இந்த வழியில் அமுக்கம் ஏறத்தாழ 40 மடங்கு கூடும். கொம்பிரசரின் 8.8 மடங்கோடு ஒப்பிட்டால் யார் அதிகம் உழைக்கிறார் என்பது விளங்கும்.

9. அன்ஸ்டார்ட் எண்டு சொல்லுறது என்ன? என்ஜின் நிண்டுபோறதா?

என்ஜின் நிற்பதல்ல. கழுத்தருகே நிற்கவேண்டிய அந்த நேரான அலை வெளியே துப்பப்படுவதுதான் அன்ஸ்டார்ட். அமுக்கம் கொஞ்சம் கூடினாலோ, கூம்பு கொஞ்சம் பிசகினாலோ, வளியின் வெப்பநிலை திடீரென மாறினாலோ அலை முன்னே நழுவிவிடும். அந்தக் கணத்தில் ஒரு பக்க உந்துவிசை போய் அங்கே இழுவை வரும். விமானம் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும். விமானியின் ஹெல்மெட் கண்ணாடியில் போய் மோதும் அளவுக்கு உதறும்.

மீட்பது இப்படி: கூம்பை முன்னே தள்ளுதல்; வளிவாசலின் பக்கக் கதவுகளைத் திறந்து உள் அமுக்கத்தை வெளியேற்றுதல்; அலை உள்ளே வந்து நின்றதும் கதவுகளை மூடி, கூம்பை மெல்லப் பின்னிழுத்தல். மறுபக்கம் வேண்டுமென்றே அதே அசைவைச் செய்தால் வெட்டித் திரும்புவது குறையும். 1966 ஜனவரி 25 அன்று, மாக் 3.18இல் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்த எஸ்ஆர்-71 ஒன்றில் வலப்பக்கம் அன்ஸ்டார்ட் ஆகி விமானம் வானிலேயே சிதறியது. பில் வீவர் உயிர் தப்பினார். ஜிம் ஸ்வேயர் இறந்தார். 1980களில் இலக்கமுறைக் கட்டுப்பாடு வந்தபின் அன்ஸ்டார்ட் மிக அரிதானது.

10. மண்ணெண்ணெய்தானே? எங்கட எண்ணெய்த் தாங்கியில போட்டு வைக்கலாமே?

சீனக்குடாவைச் சூழப் பிரித்தானியர் கட்டிய ஏறத்தாழ நூறு தாங்கிகளும் கப்பல்களுக்கான உலை எண்ணெய்க்கானவை. ஜே58 குடிக்கும் ஜேபி-7 மண்ணெண்ணெய் இனத்ததுதான், ஆனால் தனியாக வடித்தது. மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 38 பாகையிலேயே தீப்பற்றக்கூடும். ஜேபி-7க்கு 60 பாகையாவது வேண்டும். எரியும் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும்.

இது ஏன் தேவை என்பதற்கு 3ஆம் பதிலைப் பாருங்கள். விமானத்தின் தோலே சுடும்போது தாங்கிக்குள் சாதாரண எரிபொருள் கொதித்து ஆவியாகும். அதனால் தாங்கிகளின் வெற்றிடத்தை நைதரசனால் நிரப்பினார்கள். எரிபொருளுக்கு இன்னும் இரண்டு வேலைகள்: விமானி அறையின் வளி, ஹைட்ரோலிக் எண்ணெய், என்ஜின் எண்ணெய் ஆகியவற்றின் சூட்டை உறிஞ்சி சுமார் 300 பாகை வரை ஏறியபின்தான் எரியப் போகும். என்ஜினின் நகரும் பாகங்களைத் தள்ளும் ஹைட்ரோலிக் திரவமும் அதுவே.

11. தீக்குச்சிக்கே பத்தாட்டி எப்படி ஸ்டார்ட் பண்ணுறாங்க?

ட்ரைஎதில்போரேன் என்ற திரவத்தால். வளி பட்டவுடன் தானாகத் தீப்பற்றும் திரவம் அது. ஒவ்வொரு என்ஜினிலும் 600 மில்லிலீற்றர் கொண்ட ஒரு சிறு தாங்கி. குறைந்தது 16 தடவை பற்றவைக்கப் போதும்.

முதலில் என்ஜின் எண்ணெயைச் சூடாக்க வேண்டும். மிகுந்த சூட்டிலும் கெடாத எண்ணெய் வேண்டுமென்று தேர்ந்தெடுத்ததால், 30 பாகைக்குக் கீழே அது கிட்டத்தட்ட உறைந்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றின் இளஞ்சூடு இருந்தாலே ஓடத் தொடங்கிவிடும் எண்ணெய், குளிர்நாட்டு விமானத்தளத்தில் கட்டியாகி நிற்கும். அடுத்து, என்ஜினுக்குக் கீழே ஒரு வண்டியைத் தள்ளிவந்து அதன் தண்டைப் பூட்டுவார்கள். வண்டியில் இரண்டு பியூக் வி8 கார் என்ஜின்கள். அவை உறுமி என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்றுக்குக் கொண்டுவந்ததும் விமானி நெம்பை முன்னே தள்ளுவார். ஒரு பச்சை மின்னல்; என்ஜின் பற்றிவிடும். ஆஃப்டர்பேர்னரைப் பற்றவைக்கவும் ஒவ்வொரு முறையும் இதே திரவம்தான். ஆகாயத்தில் எரிபொருள் நிரப்பியபின் மறுபடி வேகமெடுக்கவும் ஒரு தடவை செலவாகும். எனவே விமானி எண்ணிக்கொண்டே இருப்பார்.

12. தரையில நிக்கேக்க எண்ணெய் ஒழுகுமாம். அதாலதானே ஏறின உடனே ஆகாயத்தில நிரப்புறது?

ஒழுகியது உண்மை. சூட்டில் விரிந்து சுருங்கும் தகடுகளின் இடுக்கில் பூசிய பசை காலப்போக்கில் வெடிக்கும். ஆனால் ஏறியவுடன் நிரப்பியது ஒழுக்கை ஈடுசெய்ய அல்ல. முழு 36 தொன் எரிபொருளோடு ஓடுபாதையில் ஓடினால் டயருக்கும் பிறேக்குக்கும் பாரம் அதிகம். ஓர் என்ஜின் நின்றால் ஏறவும் முடியாது. குறைந்த பாரத்தில் ஏறி மேலே நிரப்புவது பாதுகாப்பு.

13. ஸ்பானரால விமானம் பழுதானது எண்டு சொல்லுறது உண்மையா?

உண்மை. விமானத்தின் பெரும்பகுதி தைத்தேனியம். கட்மியம் பூசிய ஸ்பானரால் இறுக்கிய போல்ட்டில் கட்மியத் துகள் ஒட்டியிருக்கும். சூடேறியதும் அது தைத்தேனியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கவைக்கும். போல்ட் தலை கழன்று விழும். காரணம் தெரிந்தபின் தொழிற்சாலையின் கருவிப்பெட்டிகளிலிருந்து கட்மியம் பூசிய கருவிகளை எல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். இன்னொரு புதிர்: கோடையில் வெல்டிங் செய்த தகடுகள் சீக்கிரம் பழுதாகின, மாரியில் செய்தவை நன்றாக இருந்தன. கோடையில் நகரசபைத் தண்ணீரில் குளோரீனைக் கூட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீரால் கழுவியதே காரணம். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் தீர்ந்தது.

டர்பைன் பகுதியில் தைத்தேனியம் தாங்காது; அங்கே நிக்கல் கலப்புலோகங்கள். கடலோரத்தில் எந்த ஜெட் என்ஜினுக்கும் உப்பு ஒரு பகை. கொம்பிரசர் இறக்கைகளில் படிந்து ஓட்டத்தைக் கெடுக்கும். எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, சூட்டில் டர்பைன் இறக்கையை அரிக்கும். எனவே உப்பில்லாத நீரால் கொம்பிரசரைக் கழுவுவது கடலோரத் தளங்களில் ஒழுங்கான வேலை.

14. ரஷ்யாக்காரன்ட மிக்-25 இதைவிட இலேசா அதே வேகம் போச்சே?

அதே வேகம் அல்ல; வரம்பு மாக் 2.83. ஆனால் அதன் ஆர்-15 என்ஜினின் வழி அழகானது. 4ஆம் பதிலின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: கொம்பிரசரின் மடங்கைத் தொடக்கத்திலேயே குறைத்துவிட்டார்கள். 5 கட்டம்; ஏறத்தாழ 4.75 மடங்கு. அந்த வேகத்தில் கொம்பிரசரைத் தாண்டிய வளி 665 பாகை அளவில்தான் இருக்கும். எரிக்க நிறைய இடைவெளி மிஞ்சும். ஆறு குழாய்களும் தேவையில்லை. விலை என்னவென்றால், குறைந்த வேகத்தில் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். விமான உடலையும் பெரும்பாலும் உருக்கால் செய்தார்கள். இந்திய விமானப்படை இதன் உளவு வகையை 1981 முதல் 2006 வரை வைத்திருந்தது.

15. திருமலையில இருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம்?

1976 ஜூலை 28 அன்று எஸ்ஆர்-71 நிலைநாட்டிய வேகம் மணிக்கு 3,529 கிலோமீற்றர். நேர்கோட்டில் சுமார் 235 கிலோமீற்றர் என்பதால் 4 நிமிடம். ஆனால் அந்த வேகத்தில் கொழும்பில் திரும்ப முடியாது. செக்கனுக்கு 950 மீற்றரில், 30 பாகை சாய்ந்து திரும்பினால் ஆரை கிட்டத்தட்ட 160 கிலோமீற்றர். இணைந்த கணிதத்தில் வரும் வட்ட இயக்கச் சமன்பாடே போதும். அந்த வட்டத்தின் விட்டம் 320 கிலோமீற்றர். இலங்கையின் அகலத்தைவிடக் கூடியது.

16. லொறி டர்போ ஒண்டு இருக்கு. நாங்களும் சின்னதா ஒரு டர்போஜெட் செய்து பார்க்கலாமா?

செய்யலாம், தொழில்நுட்பக் கல்லூரி வேலைத்தளம் போன்ற இடத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். டர்போவிலேயே கொம்பிரசரும் டர்பைனும் தண்டும் உண்டு. நீங்கள் செய்யவேண்டியது எரிகலம். உள்ளே துளையிட்ட ஒரு குழாய்: விட்டம் கொம்பிரசர் வாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, நீளம் ஆறு மடங்கு. துளைகளின் மொத்தப் பரப்பு கொம்பிரசர் வாயின் பரப்புக்குச் சமன். அதில் மூன்றில் ஒரு பங்கு தீ பிடிக்கும் முனையில். ஐந்தில் ஒரு பங்கு நடுவில். மிச்சம் டர்பைன் பக்கம் சூட்டைத் தணிக்க.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். எண்ணெய்ப் பம்பு தனியாக மோட்டாரில் ஓடாவிட்டால் தண்டைத் தாங்கும் பெயாரிங் சில செக்கன்களில் போய்விடும். போதிய சுற்று வருமுன் எரிவாயுவைத் திறந்தால் எரிக்க வளி போதாமல் சுவாலை டர்பைனைத் தாண்டி நீளும், இறக்கை உருகும். டர்பைனைத் தாண்டிய வாயுவின் சூடு 650 பாகையைத் தொட்டால் எரிவாயுவைக் குறையுங்கள். சுற்று எல்லை மீறினால் சக்கரம் வெடித்து, சுழலும் தளத்திலேயே துண்டுகள் பறக்கும். அந்தத் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது, மணல்மூட்டை அடுக்க வேண்டும். நிறுத்தியபின், வளி அடித்துச் சுற்றவைக்கும் ஊதியையும் எண்ணெய்ப் பம்பையும் உடனே நிறுத்தாதீர்கள். கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வரும்வரை ஓடட்டும். இல்லாவிட்டால் பெயாரிங்குக்குள் நின்ற எண்ணெய் கரியாகி, அடுத்த முறை தண்டு சுற்றாது.